தானுந்துப் பந்தய ஒளிபரப்பில் பொறி ஒலிப்பதிவு

தானுந்துப் பந்தய ஒளிபரப்பில் பொறி ஒலிப்பதிவு என்பது, பந்தயத் தானுந்துகளின் பொறிகள் எழுப்பும் ஒலியை ஒலிவாங்கிகள் மூலம் பெற்று, நேரலைத் தொலைக்காட்சிப் படத்துடன் இணைத்து வீட்டிலுள்ள பார்வையாளருக்குக் கொண்டு சேர்க்கும் தொழில்நுட்பமாகும். இது ஒலியியல், மின்னணுவியல், வானொலித் தொடர்பு ஆகிய மூன்று துறைகளையும் சார்ந்தது. மிக உரத்த ஒலி, மிக விரைவாக இடம் மாறும் ஒலி மூலம், திறந்தவெளிக் காற்று ஆகியவற்றை ஒரே நேரத்தில் கையாள வேண்டியிருப்பதால், விளையாட்டு ஒலிபரப்பில் கடினமான பணிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பந்தயத்தில் பொறியின் ஒலி வெறும் பின்னணி அன்று. ஓட்டுநர் எங்கே முடுக்கத்தைக் குறைத்தார், எப்போது பல்லிணை மாற்றினார், சக்கரம் வழுக்கியதா, பொறியில் பழுது ஏற்பட்டுள்ளதா என்பன போன்ற செய்திகளை ஒலியே முதலில் தெரிவிக்கிறது. படத்தில் தெரியாத பழுதைக் கூட வர்ணனையாளர் ஒலியைக் கொண்டு கண்டுகொள்வது உண்டு.

பொறி ஒலி தோன்றும் விதம்

உள்ளெரி பொறியின் உருளைகளில் எரிபொருள் எரியும்போது உண்டாகும் உயர் அழுத்த வளிமம், வெளியேற்றத் தடுக்கிதழ் திறந்தவுடன் அலையாகக் குழாய் வழியே வெளியேறுகிறது. இவ்வாறு அடுத்தடுத்து வெளியேறும் அழுத்தத் துடிப்புகளே பொறி ஒலியின் முதன்மைப் பகுதி. இதனுடன் காற்றை உள்ளிழுக்கும் ஒலி, பல்லிணைகளின் கீச்சொலி, சுழலியின் சீழ்க்கை, சக்கரங்களின் உராய்வு ஆகியனவும் சேர்கின்றன.

நான்கு வீச்சுப் பொறியில் ஒவ்வோர் உருளையும் இரண்டு சுழற்சிகளுக்கு ஒருமுறை எரிகிறது. ஆகவே எரிதலின் சராசரி அலைவெண்ணைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

எரிதல் அலைவெண் = (நிமிடத்திற்கான சுழற்சிகள் ÷ 60) × (உருளைகளின் எண்ணிக்கை ÷ 2)

சில எடுத்துக்காட்டுகள்:

- பத்து உருளைப் பொறி, நிமிடத்திற்கு 19,000 சுழற்சிகள்: ஏறத்தாழ 1,583 ஹெர்ட்ஸ்
- எட்டு உருளைப் பொறி, 18,000 சுழற்சிகள்: 1,200 ஹெர்ட்ஸ்
- ஆறு உருளைப் பொறி, 12,000 சுழற்சிகள்: 600 ஹெர்ட்ஸ்
- நான்கு உருளைப் பொறி, 6,000 சுழற்சிகள்: 200 ஹெர்ட்ஸ்

பழைய ஃபார்முலா 1 வண்டிகள் கிறீச்சிட்டதற்கும், இன்றைய வண்டிகள் தாழ்ந்த குரலில் உறுமுவதற்கும் காரணம் இந்த எண்களிலேயே அடங்கியுள்ளது. இதே சமன்பாட்டைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். எட்டு உருளைப் பொறி ஒன்றின் ஒலிப்பதிவில் 1,140 ஹெர்ட்ஸ் அலைவெண் காணப்பட்டால், அப்பொறி நிமிடத்திற்கு 17,100 முறை சுழன்றது எனக் கண்டறியலாம். பந்தய அணிகள் எதிரணி வண்டிகளின் சுழற்சி வேகத்தையும் பல்லிணை விகிதத்தையும் இம்முறையில் ஒலிப்பதிவுகளிலிருந்து கணித்து வந்துள்ளன.

டாப்ளர் விளைவு

ஒலி எழுப்பும் பொருள் கேட்பவரை நோக்கி வரும்போது சுருதி உயர்ந்தும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்பது டாப்ளர் விளைவு எனப்படும். பந்தய வண்டி கடந்து செல்லும்போது கேட்கும் சுருதி வீழ்ச்சிக்கு இதுவே காரணம். 20 பாகை செல்சியசில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 83 மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் 600 ஹெர்ட்ஸ் ஒலி, நெருங்கும்போது ஏறத்தாழ 792 ஹெர்ட்ஸாகவும், விலகும்போது 483 ஹெர்ட்ஸாகவும் கேட்கும்.

இவ்விரு அலைவெண்களுக்கும் இடையிலான விகிதம் வண்டியின் வேகத்தை மட்டுமே சார்ந்தது; பொறியின் சுருதியைச் சார்ந்ததன்று. கருநாடக இசையின் அளவைக் கொண்டு இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வண்டி மணிக்கு ஏறத்தாழ 247 கி.மீ. வேகத்தில் கடந்தால், விகிதம் மூன்றுக்கு இரண்டு ஆகிறது. அதாவது ஒலி பஞ்சமத்திலிருந்து சட்சத்திற்கு இறங்குகிறது. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழப் பிரதி மத்திமத்திலிருந்தும், 300 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழத் தைவதத்திலிருந்தும் இறங்கும். இசைப் பயிற்சி உள்ள காது, படத்தைப் பார்க்காமலேயே வண்டியின் வேகத்தை ஓரளவு மதிப்பிட முடியும்.

இந்த வீழ்ச்சி எவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்பது ஒலிவாங்கிக்கும் தடத்திற்கும் உள்ள தொலைவைப் பொறுத்தது. ஒலிவாங்கி தடத்தை ஒட்டி இருந்தால் சுருதி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் சட்டென்று விழும். தொலைவில் இருந்தால் மெல்லச் சரியும். தொலைக்காட்சியில் வேகத்தின் உணர்வைத் தருவதில் படத்தைவிட இந்த வீழ்ச்சிக்குப் பங்கு அதிகம். பெரிதாக்கும் வில்லையுடைய ஒளிப்படக்கருவி வண்டியைத் தொடர்ந்து திரும்பும்போது, வண்டி திரையின் நடுவில் ஏறத்தாழ அசையாமல் நிற்பதே இதற்குக் காரணம்.

தடத்தோர ஒலிவாங்கிகள்

பந்தயத் தடத்தின் ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ள ஒளிப்படக்கருவிகளுக்கு அருகிலோ, தடுப்பு வேலிகளிலோ ஒலிவாங்கிகள் பொருத்தப்படுகின்றன. பொதுவாக இரு வகைகள் பயன்படுகின்றன.

நீள்குழல் உடைய ஷாட்கன் ஒலிவாங்கி, தான் நோக்கும் திசையிலிருந்து வரும் ஒலியை மிகுதியாகவும், பக்கங்களிலிருந்து வரும் ஒலியைக் குறைவாகவும் ஏற்கிறது. கூட்டத்தின் ஆரவாரம், மேலே பறக்கும் உலங்கு வானூர்தியின் ஓசை ஆகியவற்றைத் தவிர்த்துத் தடத்தின் ஒரு பகுதியை மட்டும் கேட்க இது உதவுகிறது. எனினும் தாழ்ந்த அலைவெண்களில் இதன் திசைத் தேர்வு குறைந்துவிடுகிறது.

இரட்டை ஒலிவாங்கி அமைப்பு, வண்டி இடமிருந்து வலமாகச் செல்வதை ஒலியிலும் உணர்த்தப் பயன்படுகிறது. பிரெஞ்சு ஒலிபரப்பு நிறுவனத்தின் பெயரால் அழைக்கப்படும் ஓஆர்டிஎஃப் முறையில், இரு ஒலிவாங்கிகள் 17 செ.மீ. இடைவெளியில் 110 பாகை விரிகோணத்தில் வைக்கப்படுகின்றன.

ஒலிச்செறிவு இப்பணியில் எழும் முதற் சிக்கல். திறந்தவெளியில் தொலைவு இரு மடங்காகும்போது ஒலியழுத்தம் 6 டெசிபல் குறைகிறது. பத்து மடங்காகும்போது 20 டெசிபல் குறைகிறது. ஆகவே 2 மீட்டரில் வண்டி கடந்தால் கிடைக்கும் ஒலி, 20 மீட்டரில் கிடைப்பதைவிட 20 டெசிபல் மிகுதி. ஒலிவாங்கி தன் எல்லையைத் தாண்டினால் அலையின் உச்சிகள் வெட்டுண்டு, ஒலி கரகரப்பாக மாறும். ஒருமுறை வெட்டுண்ட ஒலியைப் பின்னர் சீர்செய்ய இயலாது. இதைத் தவிர்க்க, மிகை அழுத்தத்தைத் தாங்கும் இயங்குசுருள் ஒலிவாங்கிகளோ, 10 அல்லது 20 டெசிபல் தணிப்புச் சுற்று உடைய மின்தேக்கி ஒலிவாங்கிகளோ தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

இரண்டாவது சிக்கல் காற்று. வண்டி கடக்கும்போது அது தள்ளும் காற்று ஒலிவாங்கியின் சவ்வின் மீது மோதி, தடதடப்பை உண்டாக்குகிறது. நுரைப்பஞ்சு உறை, அதன் மேல் மயிரடர்ந்த துணியுறை ஆகியன காற்றின் வேகத்தைத் தணித்து, ஒலியை மட்டும் உள்ளே விடுகின்றன. மழைக்காலத்தில் இவ்வுறைகள் நனைந்தால் உயர் அலைவெண்கள் மங்கிவிடும்.

வண்டியில் பொருத்தப்படும் ஒலிவாங்கிகள்

ஓட்டுநரின் பார்வையில் பந்தயத்தைக் காட்டும் படக்கருவிகளுடன் சிறிய ஒலிவாங்கியும் வண்டியில் பொருத்தப்படுகிறது. இதன் இடம் ஒலியின் தன்மையை முழுவதுமாக மாற்றிவிடும். ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள காற்று நுழைவாய் அருகே வைத்தால் உள்ளிழுப்பு ஒலி மேலோங்கும். பின்புறம் வைத்தால் வெளியேற்ற ஒலி மேலோங்கும். ஓட்டுநர் அறைக்குள் வைத்தால் பல்லிணை ஒலியும் அதிர்வும் மேலோங்கும். வண்டிச் சட்டத்தின் அதிர்வு நேரடியாக ஒலிவாங்கிக்குக் கடத்தப்படாதபடி மீள்மத் தாங்கிகள் பயன்படுத்தப்படுகின்றன.

இங்கிருந்து ஒலியும் படமும் எண்முறையில் சுருக்கப்பட்டு, வானொலி அலைகள் வழியே தடத்தோர ஏற்பிகளுக்கு அனுப்பப்படுகின்றன. சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் சிறிது நேரம் ஆவதால், வண்டியிலிருந்து வரும் குறிகை தடத்தோரக் குறிகையைவிடச் சற்றுப் பிந்தியே வந்து சேரும்.

ஒலிக்கலவை

எல்லா ஒலிவாங்கிகளின் குறிகைகளும் வெளிப்புற ஒளிபரப்பு ஊர்தியிலோ, தொலைவிலுள்ள கலையகத்திலோ அமைந்த ஒலிக்கலவை மேசைக்கு வருகின்றன. இயக்குநர் ஒரு படக்கருவியிலிருந்து மற்றொன்றிற்கு மாறும்போது, அதற்குரிய ஒலிவாங்கி தானாகத் திறந்து முந்தையது மெல்ல மூடும்படி மேசை அமைக்கப்படுகிறது. திடீரென மூடினால் வண்டியின் ஒலி பாதியில் அறுந்ததுபோல் கேட்கும் என்பதால், முந்தைய ஒலிவாங்கி சிறிது நேரம் தேய்ந்து மறைய விடப்படுகிறது. எனினும் வண்டி எந்த நொடியில் ஒலிவாங்கியைக் கடக்கும் என்பதை அறிந்து அளவைக் கூட்டிக் குறைப்பது கலவையாளரின் கைத்திறனைச் சார்ந்தே உள்ளது.

வர்ணனையாளரின் குரலும் பொறியின் ஒலியும் ஒன்றையொன்று மறைப்பது இன்னொரு சிக்கல். பேச்சின் தெளிவுக்குத் தேவையான அலைவெண்கள் பெரும்பாலும் 500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ளன. எட்டு உருளைப் பொறியின் ஒலியும் அதன் மேற்சுரங்களும் இதே பகுதியில் விழுகின்றன. எனவே வர்ணனையாளர் பேசும்போது பொறி ஒலியைச் சில டெசிபல் தணிப்பதும், பேச்சு நின்றதும் உயர்த்துவதும் வழக்கம்.

ஒத்திசைவு

ஒளி உடனடியாகவும் ஒலி மெதுவாகவும் வந்து சேர்கின்றன. 170 மீட்டர் தொலைவிலுள்ள வண்டியைப் படக்கருவி காட்டும்போது, படக்கருவியிலேயே உள்ள ஒலிவாங்கிக்கு அவ்வொலி ஏறத்தாழ அரை நொடி கழித்தே வந்து சேரும். ஒலிவாங்கியைத் தடத்தின் அருகே தனியே வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி படத்தைவிட 45 மில்லி நொடி முந்தினாலும், 125 மில்லி நொடி பிந்தினாலும் பார்வையாளர்கள் அதை உணரத் தொடங்குகின்றனர். ஒலி பிந்துவதை மனிதர் கூடுதலாகப் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம், இயற்கையிலும் ஒலி எப்போதும் பிந்தியே வருவதாகும்.

வரலாறு

தொடக்கக் காலப் பந்தய ஒளிபரப்புகளில் சில படக்கருவிகளும் அவற்றுடன் இணைந்த ஒலிவாங்கிகளுமே இருந்தன. 1979 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 1000 பந்தயத்தில், ஓடும் வண்டிக்குள் இருந்து நேரலையாகப் படமும் ஒலியும் அனுப்பும் ரேஸ்கேம் முறையைச் செவன் தொலைக்காட்சி அறிமுகப்படுத்தியது. ஓட்டுநர் பீட்டர் வில்லியம்சன் பந்தயத்தின் நடுவிலேயே வர்ணனையாளர்களுடன் உரையாடினார். 1985 ஜெர்மன் கிராண்ட் பிரீயில் ரெனோ அணி, படக்கருவி பொருத்திய மூன்றாவது வண்டி ஒன்றைப் பிரான்சுவா எஸ்னோவுக்கு அளித்துப் பங்கேற்கச் செய்தது.

2014 மாற்றமும் ஒலி பற்றிய விவாதமும்

ஃபார்முலா 1 பந்தயத்தில் 2005 வரை 3 லிட்டர் பத்து உருளைப் பொறிகளும், 2006 முதல் 2013 வரை 2.4 லிட்டர் எட்டு உருளைப் பொறிகளும் முதன்மையாக இருந்தன. 2014 முதல் 1.6 லிட்டர் ஆறு உருளைக் கலப்பினப் பொறிகள் கட்டாயமாயின. இவற்றில் வெளியேற்ற வளிமம் முதலில் சுழலியைச் சுழற்றி, அத்துடன் இணைந்த மின்னாக்கியையும் இயக்கியது. முன்பு ஒலியாக வெளியேறிய ஆற்றலின் ஒரு பகுதி இவ்வாறு பயனுள்ள ஆற்றலாக மீட்கப்பட்டது. பொறியின் திறன் கூடியது; ஒலி குறைந்தது.

இரசிகர்கள் பலரும் இதை ஏற்கவில்லை. 2014 மே மாதம் பார்சிலோனாவில் நடந்த சோதனை ஓட்டத்தில் மெர்சிடிஸ் அணி, வெளியேற்றக் குழாயின் முனையில் எக்காளம் போன்ற கூம்பு ஒன்றைப் பொருத்திப் பார்த்தது. பயன் மிகக் குறைவே. 2016 இல் சுழலியைத் தவிர்த்துச் செல்லும் வளிமத்திற்குத் தனிக்குழாய் வேண்டுமென்ற விதி வந்தது. இதனால் ஒலி ஓரளவு உயர்ந்தது. 2026 பருவத்திற்கான விதிகளில், சுழலியுடன் இணைந்த அந்த மின்னாக்கி நீக்கப்பட்டது.

மின் தானுந்துகளின் பந்தயம் இக்கேள்வியை வேறொரு கோணத்தில் எழுப்பியது. 2014 இல் தொடங்கிய ஃபார்முலா இ பந்தயங்களில் எரிதல் ஒலியே இல்லை. மின்னோடியின் சீழ்க்கையும் பல்லிணையின் கீச்சொலியும் சக்கரங்களின் உராய்வும் மட்டுமே பதிவாகின்றன. ஆனால் ஒலி குறைவு என்பதால், முன்பு மறைந்திருந்த சக்கர வழுக்கலும் மோதலும் தெளிவாகக் கேட்கின்றன. 2023 பிப்ரவரி 11 அன்று இந்தியாவின் முதல் ஃபார்முலா இ பந்தயம் ஐதராபாத்தில் நடைபெற்றது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

தமிழ்நாட்டில் தானுந்துப் பந்தயத்திற்கு நீண்ட மரபு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. பின்னர் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் அமைக்கப்பட்டது. கோவை அருகே செட்டிபாளையத்தில், பந்தய வீரரும் வண்டி வடிவமைப்பாளருமான கரிவரதனின் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவையையும், இரண்டாமவரான கருண் சந்தோக் சென்னையையும் சேர்ந்தவர்கள். சந்தோக் பின்னர் பிரித்தானியத் தொலைக்காட்சியில் பந்தய ஆய்வாளரானார்.

2011 முதல் 2013 வரை கிரேட்டர் நொய்டாவின் புத்தா பன்னாட்டுத் தடத்தில் இந்திய கிராண்ட் பிரீ நடைபெற்றது. மூன்று பந்தயங்களும் எட்டு உருளைப் பொறிகளின் இறுதிக் காலத்தில் அமைந்தன. எனவே ஆறு உருளைக் கலப்பினப் பொறியின் ஒலி இந்திய கிராண்ட் பிரீயில் கேட்கப்படவே இல்லை.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கி.மீ. சாலைத் தடத்தில் ஃபார்முலா 4 பந்தயம் இரவு நேரத்தில் நடைபெற்றது. 2023 டிசம்பரில் நடைபெறவிருந்த இப்பந்தயம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் ஆகிய பகுதிகளைத் தொட்டுச் செல்லும் இத்தகைய நகரத் தடங்களில் ஒலிப்பதிவு, நிலையான தடங்களிலிருந்து வேறுபடுகிறது. இருபுறமும் உள்ள கற்காரைத் தடுப்புகளிலும் கட்டடங்களிலும் ஒலி எதிரொலித்து, ஒரே வண்டியின் ஒலி பலமுறை வந்து சேரும். வண்டியிலிருந்து நேராக வரும் ஒலியைப் பிரித்தெடுக்க ஒலிவாங்கிகளைத் தடத்திற்கு மேலும் நெருக்கமாக வைக்க வேண்டியுள்ளது. சென்னையின் வெப்பமும் கணக்கில் வருகிறது: 30 பாகை செல்சியசில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டராகும்.

மலைச்சாலைகளில் ஒலிப்பதிவு

மலைச்சாலைகளில் நடக்கும் ராலி, மலையேற்றப் போட்டி ஆகியவற்றில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர இடைவெளி விட்டுப் புறப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு வண்டியின் ஒலியையும் தனித்துக் கேட்க முடியும். ஆனால் நில அமைப்பு தடையாகிறது.

நீலகிரியில் கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்திற்கும் இடையிலான சாலையில் அரவேணு போன்ற ஊர்களில் வசிப்போர் இதை நாள்தோறும் கேட்டிருப்பர். தாழ்ந்த பல்லிணையில் மேலேறும் பேருந்து மலை விளிம்பின் பின்னால் மறைந்திருக்கும்போது அதன் கனத்த முழக்கம் மட்டும் கேட்கும். வளைவைத் திரும்பி வெளிப்பட்டதும் கூரிய ஒலிகளும் சேர்ந்து வந்து, பேருந்து திடீரென அருகில் வந்துவிட்டதுபோல் தோன்றும். நீண்ட அலைநீளமுடைய தாழ்ந்த ஒலிகள் தடையைச் சுற்றி வளைந்து வருவதும், குறுகிய அலைநீளமுடைய உயர்ந்த ஒலிகள் அவ்வாறு வளையாமல் நின்றுவிடுவதுமே இதற்குக் காரணம். எதிரேயுள்ள மலைச்சரிவிலிருந்து எதிரொலியும் பின்தொடரும்.

இதனால் மலைத் தடத்தில் ஒரே ஒலிவாங்கியைக் கொண்டு நீண்ட சாலைப் பகுதியைப் பதிவு செய்ய இயலாது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிற்கும் தனி ஒலிவாங்கி தேவை. வண்டியிலிருந்து வரும் வானொலிக் குறிகையும் இதே போல் மலையால் மறைக்கப்படும். உலக ராலி போட்டிகளில் உயரே பறக்கும் வானூர்தி வழியாகக் குறிகையைப் பெற்று அனுப்பும் முறை இதற்குத் தீர்வாக உள்ளது.

இரைச்சலும் நலவாழ்வும்

வீட்டில் இன்பமாகக் கேட்கும் ஒலி, தடத்தின் அருகே இருப்போருக்குத் தீங்காகலாம். அமெரிக்கத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைப்படி, 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும். இக்கணக்கின்படி 100 டெசிபலில் 15 நிமிடம் மட்டுமே பாதுகாப்பானது. எனவே தடத்தோர ஒளிப்பதிவாளர்களும் ஒலிப் பணியாளர்களும் செவிக்காப்பு அணிவது இன்றியமையாதது.

இந்திய அரசின் 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதி என வரையறுத்து, அங்குப் பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல் என எல்லை வகுக்கின்றன. சென்னைச் சாலைப் பந்தயத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளில், அருகிலுள்ள மருத்துவமனைகளின் நோயாளிகளுக்கு இரைச்சலால் ஏற்படும் துன்பமும் சுட்டிக்காட்டப்பட்டது.

நம்பகத்தன்மை பற்றிய கேள்வி

ஒளிபரப்பில் கேட்கும் ஒலி எந்த அளவுக்கு உண்மையானது என்பது இத்துறையின் அடிப்படை விவாதம். 2020 இல் பெருந்தொற்றின்போது ஐக்கிய அரபு அமீரகத்தில் பார்வையாளர் இன்றி நடந்த இந்தியன் பிரீமியர் லீக் துடுப்பாட்டப் போட்டிகளில், பதிவு செய்யப்பட்ட ஆரவாரம் சேர்க்கப்பட்டது. தானுந்துப் பந்தயத்தில் இவ்வாறு செய்வது கூடுதல் சிக்கலானது. ஆரவாரம் சூழலை மட்டுமே உணர்த்துகிறது. பொறி ஒலியோ பந்தயத்தின் நிகழ்வையே தெரிவிக்கிறது. வேறொரு சுற்றின் ஒலியைச் சேர்த்தால், ஓட்டுநர் குறைக்காத வேகத்தைக் குறைத்ததாகவும், மாற்றாத பல்லிணையை மாற்றியதாகவும் பார்வையாளர் தவறாக அறிவர்.

மறுபுறம், எந்தக் கலவையும் முழுமையான உண்மை ஆகாது. தடத்தோரம் நிற்பவர் ஓர் இடத்திலிருந்து மட்டுமே கேட்கிறார். தொலைக்காட்சிப் பார்வையாளர் ஒரே சுற்றில் பல திருப்பங்களிலிருந்தும், ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்தும் கேட்கிறார். 120 டெசிபலைத் தாண்டும் ஒலி, வீட்டு ஒலிபெருக்கியில் பேச்சின் அளவுக்குச் சுருக்கப்படுகிறது. ஒலிவாங்கியின் இடத்தைத் தேர்வதும் அளவைக் கூட்டிக் குறைப்பதும் கலவையாளரின் முடிவுகளே. ஆயினும் நேரலையில் அந்த நொடியில் அந்த வண்டி எழுப்பிய ஒலியே ஒலிக்க வேண்டும் என்பதே, பார்வையாளர் ஒளிபரப்பின் மீது வைக்கும் நம்பிக்கையின் அடிப்படையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- டாப்ளர் விளைவு
- ஒலிவாங்கி
- உள்ளெரி பொறி
- ஃபார்முலா 1
- நரேன் கார்த்திகேயன்
- ஒலி மாசு